நித்யகல்யாணிக்குள் வாழும் பூஞ்சை தக்காளி வாடலைத் தடுக்குமா?

பாலக்கோட்டான்:

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறேன். நட்டு 45 நாள் ஆகிறது. காய் பிடிக்கிற நேரத்தில் செடி வாட ஆரம்பித்துவிட்டது. காலையில் நிமிர்ந்து நிற்கும், மதியம் தலை தொங்கிவிடும், நாலாம் நாள் எழுந்திருப்பதில்லை. போன வருடமும் இப்படித்தான் போனது. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு தடவை வேரில் ஊற்றிவிட்டேன், பலன் இல்லை.

மருத்துவச் செடிகளுக்குள் வாழும் பூஞ்சைகள் பயிர் நோயைக் கட்டுப்படுத்தும் என்று படித்தேன். எங்கள் வரப்பு முழுக்க நித்யகல்யாணி கிடக்கிறது, துளசியும் உண்டு. இலையை அரைத்து, வெல்லம் போட்டு ஊறவைத்து ஊற்றினால் அந்தப் பூஞ்சை என் செடிக்கு வந்து சேருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுப்பாத்தி:

அண்ணா, நான் வேப்பிலைக் கரைசல் அடித்துப் பார்த்திருக்கிறேன். பூச்சிக்குக் கொஞ்சம் கேட்கிறது, வாடலுக்குக் கேட்கவே இல்லை. நித்யகல்யாணி பற்றித் தெரியாது. யாராவது சொன்னால் நானும் செய்து பார்ப்பேன்.

ஆய்வகத்து அக்கா:

தம்பி, வெல்லம் போட்டு ஊறவைக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். நான் முனைவர் பட்டத்துக்கு நித்யகல்யாணி இலையிலிருந்து பூஞ்சை எடுத்துத்தான் நாலு வருடம் வேலை செய்தேன்.

இலைக்குள் பூஞ்சை இருப்பது உண்மை. செடிக்கு எந்த நோய் அறிகுறியும் காட்டாமல் திசுவுக்குள்ளேயே வாழும். எண்டோபைட் என்பார்கள். 1866-லேயே டி பாரி என்ற ஜெர்மன் ஆய்வாளர் வைத்த பெயர். ஆனால் இலையின் மேலே ஒட்டியிருக்கும் தூசிப் பூஞ்சைகளும் ஏராளம். அரைத்து வெல்லத்தில் போட்டால் முந்திக்கொண்டு வளர்வது அவையும் ஈஸ்டும்தான். உள்ளே இருக்கும் மெதுவான பூஞ்சைக்கு இடமே கிடைக்காது.

நாங்கள் எடுக்கும் விதம் வேறு. இலையை ஓடும் தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலில் முக்கி, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமி நீக்கும் கரைசலில் சில நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் அலசி, சின்னத் துண்டுகளாக வெட்டி, பூஞ்சை வளர்க்கும் கூழ் ஊற்றிய அகார் தட்டில் வைப்போம். கடைசியாக அலசிய தண்ணீரையும் ஒரு தனித் தட்டில் ஊற்றி வைக்க வேண்டும். அந்தத் தட்டு சுத்தமாக இருந்தால்தான் இலைத் துண்டின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளை இழை உள்ளிருந்து வந்தது என்று நம்பலாம். என் முதல் தொகுப்பில் அந்தத் தண்ணீர்த் தட்டிலேயே பச்சைப் பூஞ்சை படர்ந்திருந்தது. மூன்று வாரமாக நான் பாதுகாத்து வைத்திருந்த 38 தட்டுகளையும் ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி கொல்லும் கலன்) போட்டுவிட்டு, முதலிலிருந்து தொடங்கினேன்.

அடுத்ததுதான் முக்கியம். மருத்துவச் செடிக்குள் இருப்பதாலேயே அந்தப் பூஞ்சை மருந்தாகிவிடாது. எனக்கு அடிக்கடி கிடைத்தவை கொலட்டோட்ரைக்கம், ஆல்டர்னேரியா, ஃபுசேரியம் என்ற பூஞ்சைகள். மிளகாய்ப் பழ அழுகலும் தக்காளி இலைக்கருகலும் வாடலும் வருவது இதே குடும்பங்களால்தான். நித்யகல்யாணிக்குள் அமைதியாக இருப்பது தக்காளிக்குள் போனாலும் அப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சில வகை நச்சுப் பொருளும் சுரக்கும். அடையாளம் தெரியாத பூஞ்சையை வயலில் விடவே கூடாது.

முதலாண்டு மாணவன்:

அக்கா, அப்படியானால் இந்த ஆராய்ச்சி எல்லாம் தட்டோடு நின்றுவிடுமா? நான் எம்.எஸ்சி. திட்டப்பணிக்கு இதைத்தான் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

ஆய்வகத்து அக்கா:

நிற்காது, தாராளமாக எடு. மஸ்கோடார் ஆல்பஸ் என்ற பூஞ்சை பற்றிப் படித்துப் பார். ஹோண்டுராஸ் நாட்டில் ஒரு இலவங்கப்பட்டை மரத்துக்குள்ளிருந்து எடுத்தது, 2001-ல் வெளிவந்தது. தொடாமலேயே, தான் விடும் வாயுக்களால் மற்ற பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் கொல்லும். நம் சமையலறை டப்பாவில் இருக்கும் பட்டையின் மரம்தான் அது!

நம் நாட்டிலேயே இன்னொன்று: தார் பாலைவனத்தில் சீமைக்கருவேலம், ஒருவகை இலந்தை இவற்றின் வேர்மண்ணில் கிடைத்த பிரிஃபார்மோஸ்போரா இண்டிகா என்ற பூஞ்சை. 1998-ல் பெயர் சூட்டினார்கள். இப்போது அதன் பெயர் செரண்டிபிட்டா இண்டிகா. 2005-ல் பார்லியில் காட்டியது எனக்கு இன்னும் வியப்பு. பூஞ்சை குடியேறியது வேரில், சாம்பல் நோய் குறைந்தது இலையில். பூஞ்சை நேரடியாகச் சண்டை போடவில்லை, செடியின் சொந்த எதிர்ப்பைத் தட்டி எழுப்பிவிட்டது.

ஆனால் தட்டைப் பார்த்து மயங்காதே. இரட்டை வளர்ப்புச் சோதனையில் ஒரு பக்கம் நோய்ப் பூஞ்சை, எதிர்ப்பக்கம் உன் பூஞ்சை வைப்பாய். ஏழாம் நாள் நடுவில் எதுவும் வளராமல் கண்ணாடி மாதிரி ஒரு வெற்றிடம் விழும். அழகாகத்தான் இருக்கும். எனக்கு மிக அகலமான வெற்றிடம் தந்த பூஞ்சை, கிருமி நீக்காத வயல் மண் நிரப்பிய தொட்டியில் எதையும் தடுக்கவில்லை. மறுபடி மறுபடி தட்டு மாற்றி வளர்த்ததில் தட்டிலும் அதன் வீரியம் குறைந்துவிட்டது. முதல் வளர்ப்பை அன்றே, உறையும்போது சாகாமல் காக்கும் கிளிசராலில் போட்டு உறையவைத்துவிடு. தொட்டிச் சோதனையைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதே. பூஞ்சை தக்காளிக்குள் உண்மையிலேயே குடியேறியதா என்று வேரை வெட்டித் திரும்ப எடுத்தும் பார்.

பாலக்கோடு தம்பிக்கு: மருந்து தேடுமுன் வாடல் எதனால் என்று பாருங்கள். நோய்ச் செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மூழ்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். நூல் வராமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு மட்டும் ஓடினால், கீழ் இலைகளும் மஞ்சளாகியிருந்தால், ஃபுசேரியமாக இருக்கலாம். வேரில் முடிச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள், அது நூற்புழு.

பாலக்கோட்டான்:

அக்கா, இன்று காலை செய்து பார்த்தேன். பள்ளத்துப் பாத்தியில் பிடுங்கிய நாலு செடியிலும் வெள்ளை நூல் இறங்கியது. என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, புகை மாதிரி வருது" என்றான். மேட்டுப் பாத்திச் செடியில் நூல் வரவில்லை, தண்டுக்குள் பழுப்புக் கோடு இருக்கிறது. வேரில் முடிச்சு இல்லை. அப்போது நான் இவ்வளவு நாளும் ஊற்றிய பூஞ்சை மருந்து?

ஆய்வகத்து அக்கா:

பள்ளத்துப் பாத்திக்கு அது வேலையே செய்திருக்காது தம்பி. பாக்டீரியாவைப் பூஞ்சை மருந்து தொடாது. அந்தச் செடிகளை வேர்மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அங்கிருந்து தண்ணீர் மற்ற பாத்திக்கு ஓட விடாதீர்கள். அடுத்த போகம் அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம், ராகியோ மக்காச்சோளமோ போடுங்கள். பிறகும் தக்காளிதான் என்றால் கத்தரி வேரில் ஒட்டுக் கட்டிய நாற்றுக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

மேட்டுப் பாத்திக்கு டிரைக்கோடெர்மா இருக்கிறது, நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் பூஞ்சை, கடையில் தூளாகக் கிடைக்கும். அதில் சில வகைகள் வேருக்குள்ளும் வாழும், நீங்கள் தேடிய பூஞ்சைக்குச் சொந்தக்காரன்தான். விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம். மண்ணுக்கு ஏக்கருக்கு 1 கிலோ, 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் வைத்திருந்து போடுங்கள். பாக்கெட்டில் கிராமுக்கு 20 லட்சம் உயிரணுக்கள் குறையாமல் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்று பார்த்து வாங்குங்கள். கார்பன்டாசிம் என்ற பூஞ்சை மருந்து ஊற்றிய இடத்தில் உடனே போட்டால் அதுவும் செத்துப்போகும். வாடிவிட்ட செடியை இது எழுப்பாது, அடுத்த நாற்றுக்குத்தான் காவல்.

எந்தப் பாத்திக்கு எந்த மருந்து எப்போது ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.