மறையூர் வெல்லத்துக்கு ஆயிரம் பேக்லிங்க் வாங்கலாமா?

ஆலைக்கொட்டகை, மறையூர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிறோம். ஓணத்துக்குள் வியாபாரியிடம் போடாமல் நேரடியாக விற்கலாம் என்று தம்பி ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். கூகுளில் தேடினால் நாங்கள் எங்குமே வருவதில்லை. போன வாரம் ஒருவர் போன் செய்து, "ஆயிரம் பேக்லிங்க் போட்டுத் தருகிறேன், முதல் பக்கத்துக்கு வந்துவிடும், 8,000 ரூபாய்" என்றார். பேக்லிங்க் என்றால் என்னவென்றே எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை. வாங்கலாமா?

ரேங்க்மணி, பாலக்காடு:
அண்ணே, இன்னொருவர் தளத்தில் உங்கள் பெயரைத் தொட்டால் உங்கள் பக்கம் திறக்கிறது என்றால், அது உங்களுக்கு ஒரு பேக்லிங்க். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது உருவாக்கிய பேஜ்ரேங்க் முறைதான் இதற்கு மதிப்பு கொடுத்தது. ஒரு பக்கத்துக்கு யாரெல்லாம் லிங்க் கொடுக்கிறார்கள், அவர்களுக்கே எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்று பார்த்து எடை போடுவது அது. 1998-இல் கூகுள் தொடங்கியதே அதை வைத்துத்தான்.

ஆயிரம் லிங்க் வேண்டாம், அது குப்பை. ஆனால் ஆள் நடமாட்டமுள்ள பத்துத் தளங்களில் காசு கொடுத்து தளத்துக்கொரு கட்டுரை, உங்கள் லிங்க்கோடு போடுங்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்: பெரிய கடைகள் பலவும் இப்படித்தான் மேலே வருகின்றன. சும்மா காத்திருந்தால் ஓணம் போய்விடும்.

உடுமலை வாணி:
மணி சார் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். லிங்குக்கு மதிப்பு வந்ததும் அதை விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். 2011-இல் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் லிங்க் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. கூகுள் அந்தக் கடையைத் தேடல் முடிவுகளில் ஒரேயடியாகக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டு வர, இப்படிச் செய்த ஏராளமான தளங்கள் விழுந்தன.

காசு கொடுத்து வாங்கிய லிங்க்கில் 'ஸ்பான்சர்ட்' (காசு வாங்கிப் போட்டது) அல்லது 'நோஃபாலோ' (இதைக் கணக்கில் எடுக்காதே) என்ற குறி இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. குறி போட்டால் தேடல் வரிசைக்கு அது உதவும் என்று நம்ப முடியாது. போடாவிட்டால் விதிமீறல். இதில் எதற்காக அண்ணன் காசு கொடுக்க வேண்டும்? முதல் இடம் நிச்சயம் என்று எவராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

ரேங்க்மணி:
அக்கா, அது பழைய காலம். 2016 செப்டம்பருக்குப் பிறகு பெங்குவின் பெரும்பாலும் தண்டிப்பதில்லை, கெட்ட லிங்கைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. பயமுறுத்தாதீர்கள்.

உடுமலை வாணி:
கணக்கில் சேர்க்காது என்றால் 8,000 ரூபாய் எங்கே போனது? நீங்கள் சொன்னதே என் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது.

காந்தல்லூர் பூண்டுத்தோட்டம்:
இரண்டு பேருமே லிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அண்ணன் கேட்டது, தளம் ஏன் வரவே இல்லை என்று. தனிமடலில் அனுப்பிய முகவரியைத் திறந்து பார்த்தேன். வெல்லத்தின் பெயர், விலை, ஊர் எல்லாமே போட்டோவுக்குள் இருக்கின்றன. எழுத்தாக ஒரு வரிகூட இல்லை. அப்படியிருந்தால் அது எதைப் பற்றிய பக்கம் என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்?

கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைப் போட்டுத் தேடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் கூகுள் அநேகமாக இன்னும் உங்கள் தளத்தைச் சேர்க்கவே இல்லை. கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம், தம்பியை அதில் தளத்தைப் பதியச் சொல்லுங்கள். அப்புறம் மேப்பில் ஆலையைக் குறித்துக் கடைப் பக்கம் ஒன்று திறந்துவிடுங்கள், அதற்கும் காசில்லை. சின்னார் வழியாக வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மேப்பைத்தான்.

உடுமலை வாணி:
ரொம்பச் சரி. அதைச் செய்த பிறகுதான் லிங்க் பேச்சே. அதையும் ஊரிலேயே தேடலாம் அண்ணே. முனியறை என்ற பழங்காலக் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்களை ஜீப்காரர்கள் உங்கள் ஆலைக்கும் கூட்டி வருகிறார்கள் அல்லவா? அவர்களுக்கும் ஹோம்ஸ்டேக்காரர்களுக்கும் சொந்தமாகத் தளம் இருந்தால், பார்க்க வேண்டிய இடங்களில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த லிங்கைத் தொடுகிறவர் வெல்லம் வாங்கக்கூடிய ஆள்.

லிங்க் கொடுக்கத் தகுந்த ஒரு பக்கமும் உங்களிடம் வேண்டும். எங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்து வெல்லத்தையே மறையூர் வெல்லம் என்று ஏமாற்றி விற்கிறார்கள். எனக்கே அது வருத்தம். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது, நிறம் எப்படி இருக்கும், கொப்பரையில் பாகு எந்தப் பதத்தில் இறக்குகிறீர்கள், கையால் எப்படி உருட்டுகிறீர்கள் என்று நீங்களே எழுதுங்கள். காய்ச்சுகிறவர் எழுதினால் அதற்குத் தனி மதிப்பு. சமையல் எழுதுகிறவர்கள் கேட்காமலே அந்தப் பக்கத்தைக் காட்டுவார்கள்.

ரேங்க்மணி:
கேட்க நன்றாக இருக்கிறது, பலன் வர மாதக்கணக்காகும். ஹோம்ஸ்டே தளங்களுக்கு டொமைன் அத்தாரிட்டி, அதாவது தளத்தின் பலத்தைக் காட்டும் மதிப்பெண், நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது.

உடுமலை வாணி:
அந்த எண்ணைப் போடுவது மோஸ் என்ற தனியார் நிறுவனம். கூகுள் அதை வைத்து வரிசைப்படுத்துவதில்லை.

ரேங்க்மணி:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காசு கொடுத்து இடம் வாங்குவதே தப்பு என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

உடுமலை வாணி:
தப்பென்று நான் சொல்லவில்லையே. விளம்பரம் என்று எழுதிப் போடுங்கள், அது நேர்மையான வியாபாரம். ஓணத்துக்கு அவசரம் என்றால் அந்த 8,000 ரூபாயில் எர்ணாகுளத்துக்கும் கோயம்புத்தூருக்கும் மட்டும் காட்டும்படி விளம்பரம் கொடுக்கலாம். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொட்டார்கள் என்று கணக்காவது கையில் இருக்கும்.

ஆலைக்கொட்டகை, மறையூர்:
எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி தேடிப் பார்த்தேன், ஒன்றுமே வரவில்லை. போன் செய்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பி விலையையும் ஊரையும் எழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு சந்தேகம்: பக்கத்து ஹோம்ஸ்டேக்காரர், "நான் உங்களுக்குப் போடுகிறேன், நீங்களும் எனக்குப் போடுங்கள்" என்கிறார். அது விதிமீறலா?

ரேங்க்மணி:
ஊர் ஊராக ஆள் தேடிப் பிடித்து மாற்றிக்கொண்டால்தான் சிக்கல் அண்ணே. உங்களிடம் வருகிறவர் அங்கே தங்குவார், அங்கே தங்குகிறவர் உங்களிடம் வாங்குவார். தாராளமாகப் போடுங்கள்.