விடுதி வைஃபையில் லாகின் பக்கம் வரவில்லையா? செக்யூர் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்

கேள்வி: படிக்க பிரிட்டன் வந்திருக்கிறேன். விடுதி வைஃபை கனெக்ட் ஆகிறது, ஆனால் லாகின் பக்கம் வரவே மாட்டேன் என்கிறது. குரோமில் 'பேட் செக்யூர் கான்ஃபிக்' என்று முடியும் டிஎன்எஸ் பிழை. மொபைல் டேட்டாவில் எல்லாம் சரியாக ஓடுகிறது. என்ன செய்ய?

பதில் 1: தம்பி, தளத்தின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்வது டிஎன்எஸ், அந்தக் கேள்வியை மறைகுறியாக்கி அனுப்புவது செக்யூர் டிஎன்எஸ். அந்த செக்யூர் டிஎன்எஸ்ஸில் கிளவுட்ஃபிளேர், கூகுள் என ஏதாவது ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் குரோம் அந்த சர்வரை மட்டும்தான் கேட்கும். அது கிடைக்காவிட்டால் சாதாரண டிஎன்எஸ்ஸுக்குத் திரும்பாது. விடுதி வைஃபையோ லாகின் ஆகும்வரை வெளியே எதையும் விடாது. லாகின் பக்கத்தின் முகவரியைச் சொல்லத் தெரிந்தது விடுதியின் சொந்த டிஎன்எஸ்தான், அதைத்தான் பிரவுசர் கேட்க மறுக்கிறது.

செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் செக்யூரிட்டி, அங்கே 'யூஸ் செக்யூர் டிஎன்எஸ்' சுவிட்சை அணையுங்கள். பிறகு நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் திறங்கள். அது எச்டிடிபிஎஸ் (மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு) இல்லாத தளம் என்பதால் வைஃபை அதை இடைமறித்து லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியும். உள்ளே போனதும் சுவிட்சை மறுபடி போட்டுவிடுங்கள். நூறு பேர் பகிரும் வைஃபையில் அதை நிரந்தரமாக அணைத்து வைப்பது நல்லதல்ல.

ஆண்ட்ராய்டு போனில் இதன் பெயர் 'பிரைவேட் டிஎன்எஸ்'. அதில் சர்வர் பெயர் போட்டிருந்தால் 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். பிரைவேட் டிஎன்எஸ் பொதுவாக 853ஆம் போர்ட்டில் (இணைப்பு போகும் எண்ணிட்ட வாசல்) போகிறது. பல வளாகங்கள் அந்தப் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கும். இன்னொன்று, அந்தக் கட்டத்தில் 1.1.1.1 என்று எண் போட்டால் ஏற்காது. 'டிஎன்எஸ் டாட் கூகுள்' போல பெயராகத்தான் தர வேண்டும்.

பதில் 2: ஃபயர்ஃபாக்ஸ் என்றால், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தின் அடியில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' (ஃபயர்ஃபாக்ஸில் செக்யூர் டிஎன்எஸ்ஸின் பெயர்) பகுதியில் 'மேக்ஸ் புரொடெக்‌ஷன்' இருந்தால் 'இன்க்ரீஸ்டு' ஆக்குங்கள். முதலாவது மாற்றுவழி தேடாது, இரண்டாவது தேடும். முகவரிப் பட்டையில் அடித்துத் திறக்கும் அபவுட் கான்ஃபிக் பக்கத்தில் பார்த்தால் நெட்வொர்க் டாட் டிஆர்ஆர் டாட் மோட் 3 என்பது 2 ஆகியிருக்கும்.

லாகின் ஆன பிறகும் நூலகத் தளம், பிரிண்டர் பக்கம் மாதிரி பல்கலைக்கழக உள்தளங்கள் மட்டும் திறக்காமல் போகலாம். அந்தப் பெயர்கள் வளாக டிஎன்எஸ்ஸில் மட்டுமே பதிவாகியிருக்கும், வெளி சர்வருக்குத் தெரியாது. ஃபயர்ஃபாக்ஸின் அதே 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' பகுதியில் 'மேனேஜ் எக்ஸெப்ஷன்ஸ்' திறந்து பல்கலைக்கழக டொமைனைச் சேருங்கள், மற்றவை மறைகுறியாக்கத்திலேயே ஓடட்டும். குரோமில் இப்படித் தளவாரியாக விலக்கும் பட்டியல் செட்டிங்ஸில் கிடையாது. உள்தளம் அதிகம் பார்ப்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸே சௌகரியம். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஃபயர்ஃபாக்ஸில் அபவுட் நெட்வொர்க்கிங் பக்கம், டிஎன்எஸ் பகுதி: டிஆர்ஆர் (செக்யூர் டிஎன்எஸ்ஸுக்கு ஃபயர்ஃபாக்ஸின் உள்பெயர்) பத்தியில் 'ட்ரூ' என்றிருந்தால் அந்தப் பெயர் மறைகுறியாக்கத்தில்தான் வந்தது.

பதில் 3: லேப்டாப் கடிகாரத்தையும் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் சர்வரின் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், செக்யூர் டிஎன்எஸ் இணைப்பே எடுக்காது. வேலையிடம் கொடுத்த லேப்டாப்பில் அந்த சுவிட்ச் மங்கலாக, 'மேனேஜ்டு' என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள், ஐடி துறையிடம் சொல்லுங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகும் இந்திய அரசுத் தளம் ஏதாவது மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பயனில்லை. வெளிநாட்டு ஐபி முகவரி என்பதாலேயே மறுக்கும் தளங்கள் உண்டு. டிஎன்எஸ் மாற்றினால் உங்கள் ஐபி மாறாது.