தனி ஆள், 35 வயசு வரப்போகுது, யூனிவர்சல் கிரெடிட்: லண்டனில ஸ்டூடியோ எடுக்கலாமா?

ஈஸ்ட்ஹாம்வாசி
வணக்கம். ஒரு ரூமில இருக்கிறன், வாடகை மாதம் 750 பவுண்ட். யூனிவர்சல் கிரெடிட்டில (அரசாங்க உதவிப் பணம்) பகிர்வு வீட்டு வீதம்தான், அதாவது வீட்டை மற்றவையோட பகிருற ஆளுக்கான வாடகைத் தொகைதான், தருகினம், மிச்சம் கையால போகுது. ஒரு வருசத்துக்கு மேல முழுநேர வேலை, நவம்பர் கடைசியில நிண்டுட்டுது. மார்ச் 12 எனக்கு 35. ஸ்டூடியோ 1100க்குக் குறைய இல்லை. 35 ஆனா முழுக் காசும் வருமோ? ஏஜென்ட் ஆறு மாத வாடகை முற்பணமாக் கேக்கிறார்.

கணக்குப்பிள்ளை
35 ஆனதும் ஒற்றை அறை வீதத்துக்கு (ஒரு படுக்கையறை உள்ள தனி வீட்டுக்கான தொகை) மாறுவீங்கள். உங்கட "கணக்கு மாதம்" (காசு கணக்குப் பார்க்கிற ஒரு மாதக் காலம்) 5ஆம் திகதி தொடங்குதெண்டு வைப்பம், மார்ச் 5 – ஏப்ரல் 4 முழுக்கப் புது வீதம்தான். அரசாங்கத் தளத்தில போஸ்ட்கோட் போட்டு வார வீதத்தைப் பாருங்கோ, 52ஆல பெருக்கி 12ஆல பிரிச்சா மாதத் தொகை கிட்டத்தட்ட வரும். அந்தத் தொகை, வாடகை, இரண்டில எது குறைவோ அதுதான் வரும்.

ஆனா கன பேர் விழுறது பெனிபிட் உச்சவரம்பில (உதவிப் பணமெல்லாம் சேர்த்து ஆகக்கூடத் தரக்கூடிய தொகை). லண்டனில தனி ஆளுக்கு மாதம் 1413.92. உங்கட அடிப்படைத் தொகை 2026 ஏப்ரலில இருந்து 424.90, அது போக வாடகைக்கு 989.02தான் மிஞ்சும். வீதம் 1100ஐத் தாண்டினாலும் 111 பவுண்ட் வெட்டுவினம். முந்தின 12 மாதமும் ஒழுங்காச் சம்பளம் எடுத்திருந்தா வேலை நிண்டதில இருந்து 9 மாதத்துக்கு வெட்டு இல்லை. உங்களுக்கு ஆகஸ்ட் கடைசி மட்டும் தாங்கும். பிறகு சின்னதா ஒரு பகுதிநேர வேலை போதும். சம்பளத்தில பவுண்டுக்கு 55 பென்ஸ் கழிக்கிறது உச்சவரம்புக்கு முதல் உள்ள தொகையில. அதால மாதம் 202 பவுண்ட் உழைச்சா வெட்டு மறைஞ்சிடும், அந்த 202உம் முழுசா உங்கட கையில.

இன்னொண்டு: 35க்குப் பிறகு இப்ப இருக்கிற ரூமிலயே இருந்தாலும் ஒற்றை அறை வீதம்தான் அளவுகோல். 750 முழுக்க வரும். பழைய ஹவுசிங் பெனிபிட்டில இப்பிடி இல்லை, அதைக் கேள்விப்பட்ட ஆக்கள் "ரூமுக்கு ரூம் காசுதான்" எண்டு சொல்லுவினம். வேலை கிடைக்குமட்டும் ரூமை விடாதேங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

வாடகைச்சந்தை
ஸ்டூடியோ ஏன் சிக்குதில்லை எண்டா: 2011இல இருந்து இந்த வீதம் வைக்கிறது ஒரு பகுதியின்ர வாடகையளில மலிவான 30 சதவீதத்தை எட்டுற மாதிரி. கடைசியாக் கூட்டினது 2024 ஏப்ரல், அதுவும் 2023 செப்டெம்பர் வரையான வாடகையை வைச்சு. 2026 ஏப்ரலிலயும் கூட்டேல்லை. 30 சதவீதம் எண்டது இப்ப பேருக்குத்தான். இருக்கிற சின்ன வீடுகளையும் கன வீட்டுக்காரர் கவுன்சிலுக்கே தற்காலிகத் தங்கலுக்கு இரவுக் கணக்கில விடுகினம், அதில காசு கூட. கவுன்சில் தன்ர ஆக்களோட தானே போட்டி போடுது!

ஆறு மாத முற்பணம் 2026 ஏப்ரல் கடைசி மட்டும்தான் சட்டப்படி கேக்கலாம். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில ஒரு மாதத்துக்கு மேல கேக்கேலாது, விளம்பரத்தில போட்ட வாடகைக்கு மேல ஏலம் கூறவும் ஏலாது. பிணையாள் கேக்கிறது மட்டும் தொடரும். அவசரமில்லாட்டி அந்தத் திகதிக்குப் பிறகு ஒப்பந்தம் எழுதுங்கோ. டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல போகக்கூடாது. 1100க்கு அது 1269, முதல் மாதத்தோட 2369. இதைக் கவுன்சிலின்ர விருப்புரிமை வாடகை உதவியில (Discretionary Housing Payment) கேளுங்கோ, ரூமுக்கு வாடகைப் பங்கு வாறபடியாத் தகுதி இருக்கு. 2026 ஏப்ரலில இருந்து இது வேற நிதிக்குள்ள, படிவம் மாறியிருக்கலாம்.

ஈஸ்ட்ஹாம்வாசி
நன்றி. சித்தப்பா தன்ர வீட்டு மேல்மாடியை ஸ்டூடியோ மாதிரித் தரலாம் எண்டு சொல்லுறார். அது சரிவருமோ?

கணக்குப்பிள்ளை
அவரும் அதே வீட்டிலயே இருந்தா கவனம். கூடப் பிறந்தவை, பெற்றோர், பிள்ளையள் எண்டா ஒரே வீட்டில வாடகைப் பங்கே இல்லை. சித்தப்பா அந்தப் பட்டியலில இல்லை. ஆனா வியாபார முறையான வாடகை தானோ எண்டு கட்டாயம் பார்ப்பினம். எழுத்தில ஒப்பந்தம், வங்கியால மாறின வாடகை, வாடகை கட்டாட்டி அவர் எழுப்புவார் எண்ட நிலை, மூண்டும் இருந்தா நல்லது. கையில காசு குடுத்து ரசீதும் இல்லையெண்டா மறுக்கக்கூடும். குடிபோன அண்டைக்கே ஜேர்னலில (யூனிவர்சல் கிரெடிட்டின்ர இணையக் குறிப்பேடு) பதியுங்கோ. கணக்கு மாதம் முடிய ஒரு நாள் முந்திப் போனாலும் அந்த முழு மாதத்துக்கும் புது வாடகையை எடுப்பினம், பிந்திப் பதிஞ்சா ஒரு மாதம் போச்சு.

வாடகைச்சந்தை
கவுன்சில் டாக்ஸையும் மறக்காதேங்கோ. பகிர்வு வீட்டில பெரும்பாலும் வீட்டுக்காரர் கட்டுவார், தனி ஸ்டூடியோவில பில் உங்கட பேருக்கு. யூனிவர்சல் கிரெடிட்டில அதுக்குக் காசு இல்லை. தனி ஆளுக்கான 25 வீதக் கழிவும், வருமானம் குறைஞ்சவைக்கான குறைப்பும் கவுன்சிலிட்ட வேற வேறயாக் கேக்கோணும்.