பேஸ்மேக்கர் பொருத்தியபின் விக்கலும் தலைச்சுற்றலும்: கம்பி நகர்ந்திருக்குமா?

கேள்வி:
வணக்கம். நாடித்துடிப்பு மிகவும் குறைந்து மயங்கி விழுந்த என் தந்தைக்கு அண்மையில் இரண்டு கம்பிகள் கொண்ட பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். வீடு திரும்பியபோது தெம்பாகவே இருந்தார். இப்போது விட்டுவிட்டு விக்கல் வருகிறது. எழுந்து நின்றால் பழையபடி தலை சுற்றுகிறது என்கிறார். ஈசிஜி சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கம்பி நகர்ந்திருந்தால் அதிலேயே தெரிந்திருக்காதா?

பதில் 1 (பேஸ்மேக்கர் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன்):
தெரியாமல் போகலாம். இதயம் தானாகவே போதிய அளவு துடிக்கும் நேரத்தில் கருவி பேசாமல் இருக்கும். அப்போது எடுக்கும் ஈசிஜியை வைத்து, கருவி அனுப்பும் மின்தூண்டல் இதயத்தசையை எட்டுகிறதா என்று சொல்ல முடியாது. பேஸ்மேக்கரோடு வெளியிலிருந்தே தொடர்புகொண்டு அதன் அளவுகளைப் படித்து மாற்றும் புரோகிராமர் என்ற கருவியைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். கம்பி நகர்ந்திருந்தால், துடிக்கவைக்கத் தேவையான வோல்ட் அளவு கூடியிருக்கும். இதயத்திலிருந்து கருவிக்குக் கிடைக்கும் சமிக்ஞை குறைந்திருக்கும். மின்தடை மட்டும் மாறாமலே இருக்கக்கூடும் என்பதால், 'பேட்டரியும் மின்தடையும் சரி' என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். விக்கலோடு மேல்வயிறும் சீராகத் துடித்தால், உதரவிதானத்துக்கோ (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத்தசை) அதன் நரம்புக்கோ மின்சாரம் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும்; கம்பி நகராமல், மின் அளவு அதிகமாக வைக்கப்பட்டிருந்தாலும் இது நேரலாம்.

பதில் 2 (இதய மருத்துவர்):
மேலே சொன்னது சரி. கம்பி நகர்வது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான்; மேலறைக் கம்பியே கூடுதலாக நகர்கிறது. மார்பு எக்ஸ்ரேயை நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்து, பொருத்தியவுடன் எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். கம்பியின் முனை கீழறைச் சுவரைத் துளைத்துவிட்டால், இதய உறைக்குள் இரத்தம் தேங்கி இதயத்தையே அழுத்தக்கூடும். மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தம் சரிதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அவசரப் பிரிவுக்குச் சென்று எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்க வேண்டும். அவர் இதயம் கருவியையே முழுதாக நம்பியிருந்தால் தலைச்சுற்றலையே அபாய அறிகுறியாகக் கொள்ளுங்கள். இன்றே காட்டுங்கள், அதுவரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. கையை அசைத்ததால் வந்ததோ என்று அப்பா தம்மையே நொந்துகொள்கிறார். பயத்தில் இடக்கையை உடம்போடு ஒட்டியே வைத்திருக்கிறார்.

பதில் 2:
எவ்வளவு கவனமாக இருந்தாலும் கம்பி நகர்வதுண்டு; அவரைக் குறைசொல்ல ஏதுமில்லை. கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள்மூட்டு இறுகிவிடும். பொருத்திய பக்கத்துக் கையைச் சில வாரங்களுக்குத் தோளுக்கு மேல் தூக்காமலும் பளு எடுக்காமலும் இருந்தால் போதும். முழங்கையை மடக்கி நீட்டலாம். தோலுக்கடியில் இருக்கும் கருவியைத் தடவித் திருகும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கருவி சுழலச் சுழலக் கம்பி அதைச் சுற்றிக்கொண்டு இதயத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது 1968 முதலே மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.