வெப்சைட்டுக்கு ரெண்டு கொட்டேஷன்: 15 ஆயிரம், 85 ஆயிரம். எது சரி? அவசரம்

கரூர்க்காரன்:
வணக்கங்க. கடைக்கு வெப்சைட் போடலாம்னு ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். ஒருத்தர் 15,000, இன்னொருத்தர் 85,000. ரெண்டு பேருமே "எல்லாம் சேர்த்து"ன்னுதான் சொல்றாங்க. நாளைக்குக் காலைல அட்வான்ஸ் கொடுக்கணும். நியாயமான ரேட் எவ்வளவுங்க?

நெல்லை_டெவ்:
என்ன கடை? பொருளைக் காட்ட மட்டுமா, சைட்லயே பணம் வாங்கி அனுப்பணுமா? எத்தனை ஐட்டம்? போட்டோ இருக்கா?

ஓடுபாதை:
எதுவா இருந்தாலும் 85 ஜாஸ்தி ப்ரோ. ஷாப்பிஃபை மாதிரி ரெடிமேட் ஆன்லைன் கடை எடுத்து மாசாமாசம் கட்டிட்டுப் போங்க. வேலை முடிஞ்சது.

கரூர்க்காரன்:
பெட்ஷீட்ங்க. 60 டிசைன் இருக்கும். ஆன்லைன்ல விக்கத்தான். போட்டோ போன்ல எடுத்து வச்சிருக்கேன்.

பழைய_சர்வர்:
இதை முதல் பதிவுலயே எழுதியிருந்தா நாலு பேர் நேரம் மிச்சம். மாசத்துக்கு நாலு தடவை இதே கேள்வி வருது, தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. உங்க கடைக்கு ஒருத்தர் வந்து "துணி என்ன விலை"ன்னு மொட்டையா கேட்டா என்ன சொல்வீங்க? சைஸ் என்ன, கவுண்ட் என்ன, பிக் என்னன்னு திருப்பிக் கேட்பீங்கல்ல? கொட்டேஷன்ல இருக்கிறதை அப்படியே டைப் பண்ணுங்க. "எல்லாம் சேர்த்து"ங்கிறது ஒரு ஐட்டம் இல்ல.

கரூர்க்காரன்:
15: ஐந்து பேஜ் டைனமிக் சைட், டொமைன் ஹோஸ்டிங் முதல் வருஷம் ஃப்ரீ, எஸ்.எஸ்.எல், பிரீமியம் தீம், வாட்ஸ்அப் பட்டன். அடுத்த வருஷத்துல இருந்து ரினியூவல் 9,500.
85: வூகாமர்ஸ், 60 ஐட்டமும் ஏத்தித் தருவாங்க, பேமெண்ட் கேட்வே, கூரியர் இணைப்பு, ஒரு வருஷம் மெயின்டெனன்ஸ். ஜிஎஸ்டி தனி.

நெல்லை_டெவ்:
இது ரெண்டும் ஒரே வேலைக்கான ரேட்டே இல்லைங்க. ரெண்டாவதுல இருக்கிற வூகாமர்ஸ்தான் வேர்ட்பிரஸ் சைட்ல கடை நடத்துற மென்பொருள். முதலாவதுல விக்க முடியாது. வாட்ஸ்அப்ல விசாரிப்பாங்க, ஸ்டாக் இருக்கான்னு பார்த்துச் சொல்லி ஜிபே நம்பர் அனுப்புறது வரைக்கும் நீங்கதான்.

முதலாவதுல அந்த 9,500-ஐப் பிரிச்சுப் பாருங்க. டாட் காம் டொமைன் (சைட்டோட பேர்) ரினியூவல் வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். இந்த அளவு சைட்டுக்கு ஷேர்டு ஹோஸ்டிங் (பல சைட் சேர்ந்து இருக்கிற வாடகை சர்வர்) 4,000 சுத்தி. எஸ்.எஸ்.எல் (சைட்ல போற வர்ற தகவலுக்குப் பூட்டு) லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கிற அமைப்புல இலவசம், காலாவதியாகும் முன்னாடி அதுவே புதுப்பிச்சுக்கும். மீதி நாலாயிரத்துச் சொச்சம் எதுக்குன்னு கேளுங்க. பேக்கப், அப்டேட், சின்னச் சின்ன மாத்தமெல்லாம் சேர்த்தின்னா சரி, ஆனா எழுத்துல வேணும்.

"பிரீமியம் தீம்" (சைட்டோட தோற்றத்துக்கான ரெடிமேட் டிசைன்) எங்க வாங்கினதுன்னு பில் கேளுங்க. பொதுவா ஒரு லைசென்ஸ் ஒரு சைட்டுக்குத்தான். பில் இல்லைன்னா பெரும்பாலும் லைசென்ஸ் உடைச்ச காப்பி. அதுக்கு அப்டேட் வராது, உள்ளே என்ன கோடு ஒளிஞ்சிருக்குன்னும் தெரியாது. அதுக்கு வூகாமர்ஸோட இலவச ஸ்டோர்ஃப்ரண்ட் தீமே தேவலை.

85-ல காசு போறது அந்த 60 ஐட்டத்துக்கு. ஒவ்வொரு டிசைனுக்கும் சிங்கிள், டபுள், கிங். ஒவ்வொண்ணுக்கும் விலை, எடை, ஸ்டாக். போட்டோ குறைஞ்சது நாலு: கட்டில்ல விரிச்சது, மடிச்சது, டிசைன் கிட்டத்துல, ஓரத் தையல். ஆக 240 படம். ஒரு ஐட்டத்துக்கு அரை மணி நேரம்னாலே 30 மணி நேரம் ஆகும். எக்செல்ல நீங்களே நிரப்பி சிஎஸ்வி ஃபைலாக் கொடுத்தா அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லலாம். போன் படத்துல ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு மெரூன் பிரவுனாத் தெரியும். கலர் மாறிப்போச்சுன்னு சரக்கு திரும்பி வரும். பகல்ல ஜன்னல் பக்கம், எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சு எடுங்க.

பழைய_சர்வர்:
முக்கியமானதை விட்டுட்டீங்க. டொமைன் யார் பேர்ல? "ஃப்ரீ"ன்னா அவங்க அக்கவுண்ட்ல அவங்க பேர்லதான் எடுப்பாங்க. நாளைக்குச் சண்டை வந்தா பேரே போச்சு. டொமைனை நீங்களே உங்க மெயில், உங்க கார்டுல வாங்கி, டிஎன்எஸ் (அந்தப் பேர் எந்த சர்வருக்குப் போகணும்ங்கிற செட்டிங்) மாத்த மட்டும் அனுமதி கொடுங்க. ஏற்கெனவே அவங்க எடுத்துட்டாங்கன்னா ஆத் கோட் (டொமைனை மாத்திக்கத் தேவையான ரகசியக் குறியீடு) கேளுங்க. டாட் காம்னா பதிவு பண்ணி 60 நாளைக்குப் பொதுவா வேற ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைன் விக்கிற கம்பெனிக்கு) மாத்த விடாது, அதனால இப்பவே பேசுங்க. இதெல்லாம் அடிப்படை.

கணக்குப்பிள்ளை:
85-க்கு 18% ஜிஎஸ்டி 15,300. ஆக 1,00,300. ஜிஎஸ்டில ரெகுலர் டீலரா இருந்தா இன்புட் எடுத்துக்கலாம், அதாவது அந்த வரியை நீங்க கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம். நீங்க ரெகுலரா, காம்போசிஷனா (சின்ன வியாபாரிக்கான குறைஞ்ச வரித் திட்டம்)?

கரூர்க்காரன்:
காம்போசிஷன்ங்க. அதுக்கும் வெப்சைட்டுக்கும் என்ன?

கணக்குப்பிள்ளை:
நிறைய இருக்குங்க. காம்போசிஷன்ல இருக்கிறவங்க வெளி மாநிலத்துக்குச் சரக்கு விக்கக் கூடாது. சைட் திறந்த அன்னைக்கே பெங்களூர்ல இருந்து ஒரு ஆர்டர் வந்தா மாட்டிக்குவீங்க. அந்த 15,300-க்கு இன்புட்டும் கிடையாது. ரெண்டு வழி இருக்கு. சிஎம்பி-04 படிவம் போட்டு ரெகுலருக்கு மாறணும், இல்லைன்னா தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் விக்கணும். எதுன்னு ஆடிட்டர்கிட்ட முடிவு பண்ணிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.

நெல்லை_டெவ்:
தமிழ்நாடு மட்டும்னா வூகாமர்ஸ்ல ஷிப்பிங் சோன் (டெலிவரி பகுதி) ஒண்ணே ஒண்ணு, மாநிலம் தமிழ்நாடு. மத்த முகவரிக்கு டெலிவரி வழி இல்லைன்னு செக்அவுட்லயே நின்னுடும்.

பேமெண்ட் கேட்வே (சைட்ல பணம் வாங்கித் தர்ற சேவை) பத்தியும்: ஸ்டாண்டர்ட் ரேட் 2%, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. 1,200 ரூபாய் பெட்ஷீட்டுக்கு 28 ரூபாய் 32 பைசா. கேட்வே கணக்கு உங்க பேன், உங்க கரண்ட் அக்கவுண்ட்ல இருக்கணும், டெவலப்பர் கணக்குல வேண்டவே வேண்டாம். ரிட்டர்ன், ஷிப்பிங், பிரைவசி பேஜ் இல்லாம அப்ரூவல் தர மாட்டாங்க. 85-ல அந்தப் பேஜ் எழுதுறது யார் வேலைன்னு கேளுங்க.

ஓடுபாதை:
கேட்வேயே எதுக்கு? கேஷ் ஆன் டெலிவரி போடுங்க. நம்ம ஊர்ல அது இல்லாம யார் வாங்குவா?

பார்சல்_பாண்டி:
அங்கதான் பட்ஜெட் ஓட்டையாகும். வீடு பூட்டியிருக்கு, போன் எடுக்கல, இப்ப வேண்டாம். பார்சல் திரும்பி வரும். போனதுக்கும் வந்ததுக்கும் கூரியர் காசு உங்க தலையில, மடிப்பு கலைஞ்ச பெட்ஷீட்டை மறுபடி அயர்ன் போட்டு பேக் பண்ணணும்.

ஓடுபாதை:
அதுக்குப் பயந்தா வியாபாரமே பண்ண முடியாது. முன்பணம் கேட்டா பாதிப் பேர் ஓடிடுவாங்க.

பார்சல்_பாண்டி:
100 ரூபாய் முன்னாடி, மீதி கையில கொடுக்கச் சொல்லுங்க. நூறு ரூபாய் கட்டினவன் கதவைத் திறப்பான்.

இன்னொண்ணு, எடை. கூரியர்ல பார்சலோட நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல வகுத்து அதையும் கிலோவாக் கணக்குப் போடுவாங்க, தராசு எடை, இது ரெண்டுல எது பெருசோ அதுக்குத்தான் பில். டபுள் பெட்ஷீட், ரெண்டு தலையணை உறை, தராசுல 1.1 கிலோன்னு வைங்க. அதை 35 x 28 x 8 செ.மீ. அட்டைப்பெட்டில போட்டா 7,840. 5,000-ஆல வகுத்தா 1.57. அரை அரைக் கிலோவா மேல ஏத்துற ஸ்லாப்ல 2 கிலோவுக்கு பில் போடுவான். அதையே கூரியர் கவர்ல அமுக்கி 5 செ.மீ. உயரத்துக்குக் கொண்டு வந்தா 0.98. அப்ப தராசு எடைதான் கணக்கு, 1.5 கிலோ ஸ்லாப். சைட்ல எடை ஏத்தும்போது ரெண்டுல பெரிய எண்ணைப் போடுங்க, பெட்டில அனுப்பிட்டு தராசு எடையைப் போட்டா ஒவ்வொரு ஆர்டர்லயும் கைக்காசு போகும்.

ஓடுபாதை:
பெட்டி இல்லாம அனுப்பினா மழையில நனைஞ்சு போகும்.

பார்சல்_பாண்டி:
உள்ளே ஒரு பாலித்தீன் உறை. ரெண்டு மூணு ரூபாய்.

பழைய_சர்வர்:
இது வெப்சைட் இழை. கூரியருக்குத் தனி இழை திறங்க.

பார்சல்_பாண்டி:
கூரியர் காசு வெப்சைட் பட்ஜெட்ல வராதா? நல்லா இருக்கு.

நெல்லை_டெவ்:
கரூர்க்காரன், ஆள் இருக்கீங்களா? 85-க்காரர்கிட்ட போறதா இருந்தா முழுசும் இப்ப வேண்டாம். 60-ல நல்லா ஓடுற 15 டிசைன், கூரியர் இணைப்பு இல்லாம, பார்சல் நீங்களே புக் பண்ற மாதிரி கேளுங்க. 40 ஆயிரத்துக்கு உள்ளேயே படியும்னு நினைக்கிறேன். பணம் மூணு தவணை: 30% இப்ப, 40% டெஸ்ட் ஆர்டர் ஒண்ணு காசு கட்டி முடிஞ்சதும், 30% ஹோஸ்டிங், வேர்ட்பிரஸ் அட்மின் பாஸ்வேர்டெல்லாம் கைக்கு வந்து நீங்களே மாத்தின பிறகு.

கரூர்க்காரன் (நாலு நாள் கழிச்சு):
டொமைன் என் பேர்லயே எடுத்துட்டேன். 15-க்காரர் தீம் பில் கேட்டதுக்கு அப்புறம் போனே எடுக்கல. 85-க்காரர் 15 டிசைனுக்கு 38 ஆயிரம் சொல்லியிருக்கார். ஆடிட்டர் திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கார். நன்றிங்க.

பழைய_சர்வர்:
38-ல ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா? டொமைனுக்கு ஆட்டோ ரினியூவல் போட்டீங்களா?

பார்சல்_பாண்டி:
கவரா, பெட்டியா?