எடை மெஷின் ஏறும்போதெல்லாம் வேறு வேறு எடை காட்டுகிறது, என்ன செய்யலாம்?

திருச்சிக்காரி: அப்பாவுக்கு இதயம் பலவீனம். உடம்பில் நீர் கோர்க்கிறதா என்று பார்க்க தினமும் எடையை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே சொல்ல வேண்டுமாம். ஆனால் எங்கள் டிஜிட்டல் மெஷினில் இறங்கி மறுபடி ஏறினாலே 64.2, 65.6, 63.9 என்று வருகிறது. பேட்டரி புதுசுதான். வேறு மெஷின் வாங்கிவிடவா?

தராசு சர்வீஸ்: பொறுங்கள். மெஷின் எங்கே இருக்கிறது?

திருச்சிக்காரி: பாத்ரூம் வாசலில். பார்த்து முடித்ததும் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம்.

தராசு சர்வீஸ்: அங்கேதான் கோளாறு. அடியில் நாலு மூலையிலும் மூலைக்கு ஒரு லோட் செல், அதாவது எடையை உணரும் சென்சார், இருக்கும். மெஷினின் ஒரு கால் டைல்ஸ் இடுக்கிலோ மிதியடி ஓரத்திலோ ஏறியிருந்தால் கணக்கு போச்சு. நகர்த்தினால் ஜீரோவும் மாறும். சமமான தரையில் வைத்து, காலால் ஒருமுறை அழுத்தி, 0.0 வந்து தானாக அணைந்த பிறகு ஏறச் சொல்லுங்கள். அப்புறம் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மளிகை மாமா: பிரிக்காத 25 கிலோ அரிசி மூட்டையை வைத்துப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். கேஸ் சிலிண்டர் வேண்டாம், கண்ணாடி கீறிவிடும்.

தராசு சர்வீஸ்: நல்ல யோசனை. இன்னொன்று, எப்போதும் ஒரே எண் வந்தாலும் நம்பிவிடக் கூடாது. சில மெஷின்கள் போன எடையை ஞாபகம் வைத்துக்கொண்டு, வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் பழையதையே காட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு ஏறிப் பாருங்கள். எண் அசையவில்லையென்றால் அந்த ரகம்தான். அப்படியானால் தினமும் முதலில் மூட்டையை வைத்து எடுத்துவிட்டு அப்பாவை ஏற்றுங்கள்.

திருச்சிக்காரி: ஹாலுக்கு மாற்றிவிட்டோம். இப்போது 64.3, 64.4, 64.3. பாட்டிலோடு ஏறினால் கூடுகிறது. ஆனால் மூட்டை 25.6 காட்டுகிறதே?

தராசு சர்வீஸ்: பரவாயில்லை. உங்களுக்கு வேண்டியது ஏற்ற இறக்கம். ஆஸ்பத்திரி மெஷினோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, காபிக்கு முன், அதே மாதிரி வேட்டியில் பாருங்கள். கால் வீங்கினாலோ படுத்தால் மூச்சு வாங்கினாலோ எடை என்ன காட்டினாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

திருச்சிக்காரி: அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்!

தராசு சர்வீஸ்: பிடித்தால் எடை குறைத்துக் காட்டும். ஏறும்போது பிடிக்கட்டும், நின்றபின் கையை எடுக்கட்டும். எண் நிற்கும்வரை நீங்கள் தொடாமல் பின்னால் நில்லுங்கள்.