உதவி: அரசுத் தளத்தில் இறக்கிய பிடிஎஃப் அட்டவணை எக்செலில் சிதறுகிறது

காகிதக்கப்பல்: வணக்கம். அரசின் திறந்த தரவுத் தளத்தில் ஓர் அறிக்கை இறக்கினேன். உள்ளே முழுக்க அட்டவணைதான். காப்பி செய்து எக்செலில் ஒட்டினால் எல்லா எண்ணும் ஒரே நெடுவரிசையில் வந்து விழுகிறது. நாளைக்குள் கொடுக்க வேண்டும். அவசரம், யாராவது வழி சொல்லுங்கள்.

நிழல்மரம்: ஸ்கேன் செய்த பிடிஎஃபா, எழுத்தாகவே இருப்பதா? எத்தனை பக்கம்? அட்டவணைக்குக் கோடு உண்டா?

பழையதாள்: கேள்வியே வேண்டாம், ஸ்கேன்தான். அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, திரும்ப ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பார்கள். பக்கங்களைப் படமாக்கி, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளில் ஓட்டுங்கள். 3-ம் 8-ம் குழம்பும், கவனம்.

நிழல்மரம்: காப்பி செய்ய முடிந்தது என்கிறாரே. வெறும் ஸ்கேன் என்றால் எண்ணே ஒட்டாது.

தரவுத்தாத்தா: இதே கேள்வி எத்தனை முறை! தேடுபெட்டி எதற்கு இருக்கிறது தம்பி? அதே பக்கத்தில் சிஎஸ்வி, அதாவது கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு, இருக்கிறதா என்றாவது பார்த்தீர்களா? பிடிஎஃப் ஒன்றும் மூடிய வடிவம் இல்லை, 2008-லேயே ஐஎஸ்ஓவின் சர்வதேசத் தரம் ஆகிவிட்டது. உங்களுக்குப் பிரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஈரமண்: பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிட்டீர்கள் தாத்தா. 2007 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் செபாஸ்டபோலில் திறந்த தரவு ஆர்வலர்கள் கூடி, அரசுத் தரவு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிய எட்டு நெறிகளில், வடிவம் எந்த நிறுவனத்தின் பிடியிலும் இருக்கக் கூடாது என்பது ஒன்று. கணினி கையாளும்படி இருக்க வேண்டும் என்பது வேறொன்று. பிடிஎஃப் முன்னதில் தேறும், பின்னதில் கோட்டை விடும். வலையை (வேர்ல்ட் வைடு வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ திறந்த தரவுக்குப் போட்ட ஐந்து நட்சத்திர அளவுகோலிலும் பிடிஎஃபுக்கு ஒன்றுதான். எக்செலுக்கு இரண்டு, சிஎஸ்விக்கு மூன்று.

தரவுத்தாத்தா: நட்சத்திரம் எண்ணினால் அட்டவணை பிரிந்துவிடுமா? ஒன்றுமே வெளியிடாமல் இருப்பதற்கு இது மேல்.

ஈரமண்: "இது மேல்" என்று நாம் சொல்லிச் சொல்லியே துறைகள் அதோடு நின்றுவிடுகின்றன. கப்பல், அந்த அட்டவணை உள்ளே யாரோ ஒருவர் கணினியில் விரிதாளாகவே இருக்கும். கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சுருக்காத மூலத்தரவைத் தர வேண்டும் என்பதும் அந்த எட்டில் உண்டு.

பழையதாள்: நான் பார்க்கும் தளத்தில் பதிவு செய்தால்தான் இறக்கவே விடுகிறார்கள். அதுவும் விதிமீறல்தானே?

ஈரமண்: நெறிப்படி தவறு, பதிவு கேட்காமல் யாருக்கும் தர வேண்டும். ஆனால் அந்த எட்டும் சட்டம் இல்லை. சண்டைக்குப் போகுமுன் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள்.

காகிதக்கப்பல்: வேலையில் மாட்டிக்கொண்டேன். மவுஸால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. 60 பக்கம். கோடு இருக்கிறது. சிஎஸ்வி இல்லை.

நிழல்மரம்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! பிடிஎஃபிலிருந்து அட்டவணையைப் பிரித்தெடுக்கும் டபுலா மென்பொருள் போதும். இலவசம், ஜாவா வேண்டும். கோடு இருப்பதால் 'லேட்டிஸ்' முறை. 'ஸ்ட்ரீம்' கோடில்லாத அட்டவணைக்கு. வருகிற சிஎஸ்வியை அப்படியே இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள், 007 என்ற குறியீட்டை எக்செல் 7 ஆக்கிவிடும். டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். அப்புறம், அறிக்கையில் மொத்தம் போட்டிருந்தால் நீங்களும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு வரி விழுந்திருந்தால் அதில் மாட்டும்.

தரவுத்தாத்தா: உரிமக் குறிப்பையும் படியுங்கள். இலவசமாக இறங்கியதை எல்லாம் மறுவெளியீடு செய்துவிட முடியாது.

காகிதக்கப்பல்: லேட்டிஸ் வேலை செய்தது. மொத்தம் ஓரிடத்தில் இடித்தது, தலைப்புக் கட்டங்கள் இணைந்திருந்த பக்கம். கையால் சரிசெய்தேன். நன்றி நிழல்மரம்.

பழையதாள்: எந்தத் துறை அறிக்கை என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?